நாய்க்கு வயிற்றுப்போக்கு: இம்முறை மருத்துவர் ஆன்டிபயாடிக் தரவில்லை, இது சரிதானா?

பெரியகுளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயதுக் கோம்பை நாய் ஒன்று இருக்கிறது. பெயர் செவலை, எடை 22 கிலோ. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாந்தோப்பில்தான் பகல் முழுவதும் திரிவான். இரவில் திண்ணையில் படுத்துக்கொள்வான். தடுப்பூசிகள் எல்லாம் முறையாகப் போடப்பட்டுள்ளன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மாத்திரையும் கொடுத்து வருகிறோம்.

கடந்த எட்டு மாதங்களில் இவனுக்கு மூன்றாவது முறையாக வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது. முதல் முறை, கிடா வெட்டு நடந்த வீட்டில் யாரோ குடல் கழிவைப் போட, அதைத் தின்று வந்ததால் வந்தது என்று நினைத்தோம். அப்போது எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் இருந்த மருத்துவர் ஓர் ஊசி போட்டு, ஐந்து நாளுக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில் நின்றுவிட்டது. இரண்டாம் முறை நான் மருத்துவரிடம் செல்லாமல், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். அப்போதும் மூன்று நாளில் சரியாகிவிட்டது. அந்த அட்டையில் பாதி இன்னும் வீட்டில் இருக்கிறது.

நேற்று முன்தினம் முதல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போகிறான். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் வருகிறது. முக்கி முக்கி, கடைசியில் ஜெல்லி போன்ற சளியும் அதில் கோடு கோடாக இரத்தமும் வருகின்றன. வாந்தி இல்லை. சாப்பாடு குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறான்.

மருந்தகத்துக்கு இப்போது புதிதாக ஒரு பெண் மருத்துவர் வந்திருக்கிறார். அவர் ஈறைத் தூக்கிப் பார்த்தார், தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தபோது 101.8 இருந்தது. பிறகு ஆன்டிபயாடிக் இப்போது தேவையில்லை என்று சொல்லி, உணவை மாற்றச் சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் மூன்று முறை மலத்தைக் கொண்டுவரச் சொன்னார். இரத்தம் வரும்போது கூட ஆன்டிபயாடிக் வேண்டாமா என்று எனக்கு ஒரே கலக்கமாக இருக்கிறது. வீட்டில் இருக்கும் பாதி அட்டையைக் கொடுத்துவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது. அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கொங்கு கால்நடை மருத்துவர் எழுதியது:

ஐயா, அந்த அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் ஊர் மருத்துவர் செய்தது சரி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய்களுக்குச் சிகிச்சை அளித்து வருகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கழிச்சல் என்று எந்த நாய் வந்தாலும் மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை மலத்தின் தோற்றத்தை வைத்து முடிவு செய்வதில்லை. நாயின் உடல்நிலையை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். அந்த மருத்துவர் ஈறைப் பார்த்தது, அது இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கிறதா என்றும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கிறதா என்றும் அறிவதற்காக. தோலைக் கிள்ளியது, அது உடனே பழைய இடத்துக்குத் திரும்புகிறதா அல்லது கூடாரம் போல நிற்கிறதா என்று பார்த்து நீர்ச்சத்து இழப்பைக் கணிப்பதற்காக. 101.8 என்பது நாய்க்கு இயல்பான வெப்பநிலை. நமக்குத்தான் அது காய்ச்சல். சாப்பிடுகிறான், வாலை ஆட்டுகிறான், வாந்தி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே செவலைக்கு வந்திருப்பது லேசான வகை.

2024-இல் ஈனோவாட் என்ற ஐரோப்பிய கால்நடை மருத்துவ வல்லுநர் குழு, நாய்களுக்குத் திடீரென வரும் வயிற்றுப்போக்கு குறித்து ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. லேசான நிலையில் மட்டுமல்ல, நாய் சற்றுச் சோர்ந்து நீர்ச்சத்தை இழந்து, சலைன் ஏற்றியதும் தேறிவிடுகிற நடுத்தர நிலையிலும் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்றே அது சொல்கிறது. சலைன் ஏற்றிய பிறகும் தேறாத நாய்க்கும், கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதற்கான அறிகுறிகளைக் காட்டும் நாய்க்கும்தான் அந்த மருந்து என்று வரையறுத்திருக்கிறார்கள்.

இரத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை போவது, முக்குவது, சளி, அதில் சிவப்பு இரத்தக் கோடு ஆகிய நான்கும் சேர்ந்தால் கோளாறு பெருங்குடலில் இருக்கிறது என்று பொருள். பெருங்குடலின் உட்சுவர் புண்பட்டு எரிச்சலடைந்தால் இரத்தம் கசியும். அதற்குக் காரணம் பாக்டீரியாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இதைவிடப் பன்மடங்கு கடுமையாக, மலமே இல்லாமல் இரத்தமாகப் போகும் நோய் ஒன்றும் நாய்களுக்கு உண்டு. அந்த நோய் வந்த, ஆனால் இரத்தத்தில் கிருமி கலந்த அறிகுறி இல்லாத 60 நாய்களை ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அமாக்சிசிலின் கிளாவுலனிக் அமிலம் என்ற ஆன்டிபயாடிக்கும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், இரு பிரிவும் குணமானதில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அத்தகைய நாயைக் காப்பாற்றுவது, இழந்த நீரை நரம்பு வழியாக உடனடியாக ஈடு செய்வதுதான்.

அப்படியென்றால் முந்தைய இரண்டு முறையும் மாத்திரை கொடுத்ததும் நின்றது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். நாய்க்குத் திடீரென வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே அடங்கும். நாம் முதல் நாள் பொறுத்துப் பார்ப்போம், இரண்டாம் நாள் மோசமானதும் மருத்துவரிடம் ஓடுவோம். அது உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் நேரமும் அதுவாகவே இருக்கும். மாத்திரைக்குப் பிறகு நின்றதால் மாத்திரையால் நின்றது என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. இதை நாய்களில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வில் மெட்ரோனிடசோல் பெற்ற நாய்கள் சராசரியாக 4.6 நாளிலும், மருந்தில்லாத மாத்திரை பெற்றவை 4.8 நாளிலும், நன்மை தரும் பாக்டீரியா கொடுக்கப்பட்டவை 3.5 நாளிலும் குணமாயின. இந்த வேறுபாடுகள் எதுவும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: 2020-இல் வந்த இன்னோர் ஆய்வில் மெட்ரோனிடசோல் பெற்றவை 2.1 நாளிலும் பெறாதவை 3.6 நாளிலும் தேறின. ஆக, அந்த மருந்தால் கிடைத்தால் ஒன்றரை நாள் கிடைக்கும். அந்த ஒன்றரை நாளுக்காகக் குடலில் எதை அழிக்கிறோம் என்பதுதான் எனக்குள்ள கவலை.

நாயின் குடலில் ஹிரனோனிஸ் என்று முடியும் பெயருடைய ஒரு நல்ல பாக்டீரியா வாழ்கிறது. ஈரல் சுரக்கும் பித்த அமிலத்தை வேறு வடிவத்துக்கு மாற்றுவது அதன் வேலை. அப்படி மாறிய பித்த அமிலம்தான் கிளாஸ்ட்ரிடியம் என்ற தீய பாக்டீரியா வகைகளைப் பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. மெட்ரோனிடசோல் இந்தக் காவல்காரனையே கொன்றுவிடுகிறது. எந்த நோயும் இல்லாத நாய்களுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, மருந்தை நிறுத்தி நான்கு வாரம் ஆன பிறகும் சில நாய்களின் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். தோலும் எலும்பும் நீக்கி, மசாலாவும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு, குழைய வடித்த சோறு இரண்டு பங்கு என்று பிசைந்து, வழக்கமான இரண்டு வேளைக்குப் பதிலாக நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பெருங்குடல் கோளாறு என்பதால் வேகவைத்த பரங்கிக்காயை ஒரு கரண்டி சேர்ப்பது நல்லது. அதன் நார்ச்சத்து நீரை இழுத்து மலத்தைக் கெட்டியாக்கும். பால் கொடுக்கவே வேண்டாம். கைக்குழந்தைக்கு உரைப்பது போலச் சாதிக்காயை உரைத்து ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவு மிஞ்சினால் அது நாய்க்கு நஞ்சு. தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, மூன்று நாள் மலத்தையும் தவறாமல் கொண்டுபோய்க் கொடுங்கள். எட்டு மாதத்தில் மூன்று முறை, மூன்றும் ஒரே மாதிரி என்றால், ஒவ்வொரு முறையும் குடல் கழிவைக் குறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் கொடுத்து வரும் குடற்புழு மாத்திரையின் பெயரையும் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தாம்பரம் வாசகி எழுதியது:

பெரியகுளத்து அண்ணா, வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்டதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஸ்பிட்ஸ் நாய் 9 கிலோ எடைதான் இருப்பாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்குப் பேதியானபோது, மருந்துக் கடையில் கேட்டு, மனிதர்களுக்கான 400 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் மாத்திரையைக் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகக் கொடுத்தேன். மூன்று நாளில் பேதி நின்றுவிட்டது. ஆனாலும் ஆன்டிபயாடிக் மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பத்து நாள் அட்டையையும் முடிக்கத் தொடர்ந்து கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் கூடையிலிருந்து எழுந்தவள், நேராக நடக்க முடியாமல் பக்கவாட்டில் சரிந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கி வாயைக் கொண்டுபோனால் வாய் கிண்ணத்துக்கு அரை அடி தள்ளி இறங்கியது. கண்மணிகள் இரண்டும் ஊசல் போல இடமும் வலமும் துடித்துக்கொண்டே இருந்தன. பக்கவாதம் வந்துவிட்டது என்று நினைத்து நான் அழுதேன். அதற்குப் பிறகும் அன்று இரவும் மறுநாள் காலையும் அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. மறுநாள்தான் வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வியே என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதுதான்.

மருந்து மூளையைப் பாதித்திருக்கிறது என்று சொல்லி, உடனே நிறுத்திவிட்டு டயசிபாம் கொடுத்தார்கள். இரண்டு நாளில் தலை நிமிர்ந்தது. முழுதாக நடை தேற ஒரு வாரம் ஆனது. மருந்துக் கடையில் அவள் எடை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மணப்பாறைக்காரர் எழுதியது:

இங்கே எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் நான் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். போன ஆண்டு எங்கள் வீட்டில் இரண்டு சிப்பிப்பாறைக் குட்டிகள் இருந்தன, மூன்று மாதம்கூட நிறையவில்லை. இரண்டுக்கும் பேதி ஆரம்பித்தபோது, இது தானாகச் சரியாகும், தயிர்சாதம் கொடுத்தால் போதும் என்று நெட்டில் படித்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் ஒரு குட்டி விடியும்போதே விறைத்துக் கிடந்தது. மற்றதைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பார்வோ என்றார்கள். ஆறு நாள் டிரிப்ஸும் ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டுத்தான் அது பிழைத்தது. அந்த வார்டில் எழுந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

எனவே ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று பொதுவாக எழுதினால், என்னைப் போல ஒருவர் இதைப் படித்துவிட்டுக் குட்டியைச் சாகக் கொடுப்பார். தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் ஓர் ஊசி போட்டுவைத்தால் என்ன நட்டம்? டாக்டர் ஐயா இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கொங்கு கால்நடை மருத்துவர் எழுதியது:

மணப்பாறை நண்பரே, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். நீங்கள் எழுதியது மாற்றுக் கருத்து இல்லை. நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய பகுதி. செவலை தடுப்பூசி போட்ட, வளர்ந்த, சாப்பிடுகிற நாய் என்பதால்தான் அப்படி எழுதினேன். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பார்வோ பரிசோதனை செய்யவேண்டும்.

பார்வோ ஒரு வைரஸ். எந்த ஆன்டிபயாடிக்கும் வைரஸைக் கொல்லாது. ஆனாலும் அந்த நோயில் நாங்கள் ஊசி போடுவதற்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. உடலில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் இந்த வைரஸ் தாக்கும். குட்டியின் குடலின் உட்பூச்சு உதிர்ந்துபோகிறது. அதே நேரத்தில் எலும்பு மஜ்ஜை அடிபட்டு வெள்ளை அணுக்கள் சரிகின்றன. குடலிலிருக்கும் பாக்டீரியா, தடுக்கச் சுவரும் இல்லாமல் எதிர்க்க அணுக்களும் இல்லாமல் நேராக இரத்தத்துக்குள் நுழைகிறது. அந்த நுழைவைத் தடுக்கத்தான் ஊசி. பேதியை நிறுத்துவதற்கு அல்ல. உங்கள் குட்டிக்கு அந்த மருந்து தேவைப்பட்டது. டிரிப்ஸ் அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டது.

குட்டிகள் வைத்திருப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். பார்வோ தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போட்டுவர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் ஊசியின் வேலையைக் கெடுக்கும் என்பதால், முதல் ஊசியோடு நிறுத்திவிட்டால் பயனில்லாமல் போகலாம். நோய் வந்த வீட்டில் வைரஸ் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயில் அதை நம்பகமாக அழிக்காது. துணி வெளுக்கும் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும்.

போட்டுவைத்தால் என்ன நட்டம் என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் நட்டத்தைத் தாம்பரம் சகோதரி எழுதிவிட்டார். அவர் கொடுத்த அளவைக் கணக்கிட்டால், ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 89 மில்லிகிராம் வருகிறது. 60-ஐத் தாண்டும்போதே நரம்புப் பாதிப்பு வரும் என்று நாங்கள் எச்சரிக்கையாக இருப்போம், சில நாய்களுக்கு அதற்குக் கீழேயும் வந்திருக்கிறது. நம் ஊரில் மனிதர்களின் பேதிக்கென நார்ஃப்ளாக்சசின் வகையையும் இன்னொரு மருந்தையும் ஒன்றாகச் சேர்த்து விற்கும் மாத்திரைகள் உண்டு. அந்த வகை மருந்து, வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைச் சிதைக்கக் கூடியது. இவற்றை எல்லாம் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

இரண்டாவது நட்டம் அந்த நாயோடு முடிவதில்லை. அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை, செல்லப்பிராணிக் கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளிடமிருந்து கேம்பைலோபாக்டர் என்ற குடல் கிருமி 100-க்கும் மேற்பட்ட மனிதர்களுக்குத் தொற்றியது. அந்தக் கிருமியை வழக்கமான மருந்துகள் எதுவும் அசைக்கவில்லை. அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரித்தபோது, மருந்து விவரம் கிடைத்த குட்டிகளில் ஏறத்தாழ அனைத்துக்குமே கடைக்கு வரும் வழியிலோ கடையிலோ ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பது தெரிந்தது. பாதிக்கு மேற்பட்ட குட்டிகளுக்கு எந்த நோயும் இல்லாமல் முன்னெச்சரிக்கையாகவே கொடுத்திருந்தார்கள். நீங்கள் கேட்ட அதே எண்ணத்தில்தான், ஒன்றைப் போட்டுவைத்தால் என்ன என்று. நம் வீடுகளில் நாயின் மலத்தை அள்ளுகிற கைதான் குழந்தைக்குச் சோறும் ஊட்டுகிறது.

வளர்ந்த நாயாக இருந்தாலும், ஓயாத வாந்தி, ஈறு வெளுப்பது அல்லது செங்கல் போல் கருஞ்சிவப்பாவது, எழுந்து நிற்க முடியாத சோர்வு, 103-க்கு மேல் காய்ச்சல் அல்லது மாறாக உடல் குளிர்ந்துபோவது, தார் போன்ற கறுப்பு மலம், கொட்டும் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இந்தப் பக்கத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு போங்கள். வண்டி கிடைக்காத கிராமத்தில் இருப்பவர்கள் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962-க்கு அழைக்கலாம். ஆன்டிபயாடிக் போடுவதா என்பதை அந்த நாயைத் தொட்டுப் பார்த்தவர் முடிவு செய்யட்டும்.

பெரியகுளத்தான் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் நடந்ததைச் சொல்லவேண்டியது என் கடமை.

மாத்திரையைக் கொடுக்கவில்லை. கோழியும் சோறும் பரங்கிக்காயும் கொடுத்ததில் நான்காம் நாள் மலம் கெட்டிப்பட்டது. ஐந்தாம் நாள் சளியும் நின்றது. அதற்குள் மூன்று நாள் மாதிரியையும் பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். முதல் இரண்டிலும் எதுவும் தெரியவில்லை. மூன்றாவதைப் பார்த்துவிட்டு, அந்த மருத்துவர் என்னை உள்ளே கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். எலுமிச்சம்பழம் போல இரண்டு முனையும் கூம்பி, முனைக்கொரு மூடி போட்டாற்போல, பழுப்பு நிறத்தில் ஒரு முட்டை தெரிந்தது. சாட்டைப்புழு என்றார். பெருங்குடலின் சுவருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு வாழுமாம். தினமும் முட்டை போடாது என்பதால்தான் மூன்று நாள் மாதிரி கேட்டாராம்.

நான் கொடுத்து வந்த குடற்புழு மாத்திரையின் அட்டையைக் காட்டினேன். அதில் பிராசிகுவான்டலும் பைரன்டலும் மட்டும்தான் இருந்தன. அவை நாடாப்புழுவையும் உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் கொல்லுமே தவிரச் சாட்டைப்புழுவைத் தொடாது என்று சொல்லி, ஃபென்பென்டசோல் மருந்தை மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தார். மூன்று வாரம் கழித்து ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் மறுபடி கொடுக்க வேண்டுமாம். இந்தப் புழுவால் வரும் பேதி விட்டு விட்டுத்தான் வரும், முந்தைய இரண்டு முறையும் அது தானாகவே அடங்கியிருக்கும் என்றும் சொன்னார். எட்டு மாதமாக என் பிள்ளையின் குடலில் புழு கடித்துக்கொண்டிருக்க, நான் அதற்குச் சம்பந்தமில்லாத மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாதி அட்டையை மருந்தகத்திலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. எங்கள் மாந்தோப்பில் எப்போதும் நிழலும் ஈரமும் இருக்கும். சொட்டுநீர்ப் பாசனம் போட்டிருக்கிறோம். செவலை அங்கேதான் மலம் கழிக்கிறான். மண்ணில் அந்த முட்டை தங்கியிருக்குமா? மறுபடியும் வராமலிருக்க என்ன செய்வது?

கொங்கு கால்நடை மருத்துவர் எழுதியது:

தங்கியிருக்கும், ஐயா. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் சாட்டைப்புழு முட்டை சில ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும்; மருந்து தெளித்து அதை அழிக்க முடியாது. அதற்கு எதிரி வெயிலும் வறட்சியும்தான். தோப்பில் வெயில் படுகிற, தண்ணீர் பாயாத ஒரு மூலையை ஒதுக்கி, கயிற்றில் பிடித்துக்கொண்டுபோய் அங்கேயே மலம் கழிக்கப் பழக்குங்கள். புதிதாகப் போன மலத்தில் இருக்கும் முட்டையால் உடனே நோய் பரவாது. மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். எனவே அன்றன்றைக்கே அள்ளி ஆழமாகப் புதைத்துவிட்டால் புதிய முட்டை மண்ணில் சேராது.

மூன்று மாதத்து மருந்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். இன்று செவலை விழுங்கும் முட்டை, புழுவாக வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடைய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதால்தான் அந்தக் கணக்கு. அதற்கு ஒரு வாரம் கழித்து மறுபடி மூன்று நாள் மலத்தை அதே பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள்.